நகாசுக்காரன்

ஃபோதிஸ் தன் புசூக்கி வாத்தியத்தின் கழுத்தில் தன் பெயரையே முத்துச்சிப்பியால் பதித்து வைத்திருந்தான். வாசிக்கிற நேரத்தில் தான் யாரென்று மறந்துபோகுமோ என்னவோ. அதைப் பார்த்தாலே ஸ்டமாத்திஸுக்கு வாயில் புளிப்புத் தட்டும். இப்படிப்பட்டவன் வீட்டுப் படியேறிக் கற்றுக்கொள்ளும்படி ஆகிவிட்டதே என்று நினைத்தபடிதான் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவன் மணியை அழுத்தினான்.

அண்ணன் பாண்டெலிஸ் போய்விட்டான். நாற்பதாம் நாளுக்குக் கோயில் வாசலில் வேகவைத்த கோதுமையும் கொடுத்தாயிற்று. பெராமா படகுத்துறைக்கு எதிரே, கலியோப்பியம்மாவின் சாப்பாட்டுக் கடையில், அண்ணன் புசூக்கி வாசித்த நடு நாற்காலி காலியாகக் கிடந்தது. அதற்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பாக்லமாஸ் என்கிற குட்டி வாத்தியத்தில் தாளம் கொடுத்தே ஸ்டமாத்திஸுக்கு ஐம்பது வயதாகிவிட்டது. அண்ணன் நாற்காலி வெளியாளுக்குப் போகக்கூடாது. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கலியோப்பியம்மா மழுப்பாமல் சொல்லிவிட்டாள். இப்போது வருகிற கூட்டத்துக்கு நகாசு வேண்டும். வெறும் பாட்டுக்கு யாரும் கையிலிருக்கிற முள்கரண்டியைக் கீழே வைப்பதில்லை. மாதா திருநாள் மதியம் அவனை நடுவில் உட்காரவைத்துப் பார்ப்பாள். சரிப்படாவிட்டால் ஃபோதிஸ்.

போட்டிக்கு நிற்கிறவனுக்கே சொல்லிக்கொடுக்க ஃபோதிஸ் ஒத்துக்கொண்டான். பெருந்தன்மையெல்லாம் இல்லை, திமிர். யார் வந்தாலும் தன் கைக்கு ஈடாகாது என்ற திமிர்.

ஒரே சுரத்தின் மேல், கம்பியை மீட்டுகிற வில்லையை மேலும் கீழுமாக, தண்ணீர் கொதிக்கிற மாதிரி அதிரவைப்பது முதல் பாடம். பிறகு இடதுகை விரலால் கம்பியைத் தட்டித் தட்டியே இரண்டு சுரங்களைப் படபடக்க விடுவது. பிறகு, வரவேண்டிய சுரத்துக்கு முன்னால் வேறொரு சுரத்தைத் திருட்டுத்தனமாகத் தொட்டுவிட்டு வருவது. ஸ்டமாத்திஸுக்கு எல்லாமே கல்யாணக் கேக்கின் மேல் பிழிகிற கிரீமாகத்தான் பட்டது. கப்பல் பட்டறையில் துரு சுரண்டுகிற அவன் கைக்கு அது சுலபத்தில் படியவும் இல்லை.

"தோளை ஆட்டாத மாஸ்டர். வாசிக்கிறியா, கப்பல் சுரண்டுறியா? மணிக்கட்டு மட்டும் ஆடட்டும்."

"ஆடுது, ஆடுது. எங்கண்ணன் இந்தக் கண்றாவியெல்லாம் இல்லாமத்தான் வாசிச்சான்."

ஃபோதிஸ் அவனை ஒரு மாதிரி பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டான். பதில் இல்லாமல் வாயடைத்துவிட்டான் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் ஸ்டமாத்திஸ் மகிழ்ந்துகொண்டான்.

வீம்புதான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது. கோடை முழுக்கப் பட்டறைச் சாப்பாட்டு நேரத்தில் தகர டப்பாவின் மேல் வில்லையைத் தட்டிப் பழகினான். கடைசியில் அதிர்வும் படபடப்பும் சொன்னபடி வந்தன. இவ்வளவுதானா இவர்கள் வித்தை என்று அவனுக்கு இன்னும் இளக்காரமாகப் போயிற்று.

மாதா திருநாள் மதியம் கடை நிரம்பியிருந்தது. அண்ணனின் புசூக்கியோடு அவன் நடுவில் உட்கார்ந்தான். முதல் நாலு பாட்டுக்கும் கூட்டம் கைதட்டியது. மூலை மேசையில் பொரித்த மீனைப் பிய்த்துக்கொண்டிருந்த ஃபோதிஸைப் பார்த்து ஸ்டமாத்திஸ் புருவத்தை உயர்த்தினான். கலியோப்பியம்மா தட்டோடு போகும்போது தலையசைத்தாள். நாற்காலி கிடைத்தமாதிரிதான்.

அப்போது வெல்டர் லாம்ப்ரோஸ் ஒரு பாட்டுக் கேட்டான். வசந்தத்தில் அவன் மனைவி இறந்துபோயிருந்தாள். இது அவள் சதா முணுமுணுக்கிற பாட்டு. ஒருவன் கேட்டு வாங்கிய பாட்டென்றால் அது முடிகிறவரை அவனுடையது. அவன் மட்டும்தான் ஆடலாம், வேறு யாரும் எழக்கூடாது. மேசைகள் ஒதுங்கின. அவனுடைய கூட்டாளிகள் தரையில் மண்டியிட்டுக் கைதட்டக் காத்திருந்தார்கள். லாம்ப்ரோஸ் கைகளை விரித்துத் தலையைக் கவிழ்த்து நின்றான்.

ஒன்பது தட்டுத் தாளம். மெதுவான நடை. ஸ்டமாத்திஸ் கற்றதையெல்லாம் கொட்டினான். லாம்ப்ரோஸ் காலைத் தூக்கினான். அதை இறக்கவேண்டிய இடத்தில் அதிர்வு ஓடியது. காத்திருந்தான், காத்திருந்த இடத்தில் படபடப்பு வந்தது. இன்னொரு முறை சுற்றித் திரும்ப முயன்றான். எங்கேயும் கால் வைக்க இடம் இல்லை. கைதட்டியவர்கள் நிறுத்திவிட்டார்கள். லாம்ப்ரோஸ் கைகளைத் தொங்கவிட்டு வாத்தியக்காரர்கள் பக்கம் வந்தான்.

"ஸ்டமாத்தி, நீ ஆடுறியா, நான் ஆடவா?"

கோபமாகச் சொல்லவில்லை. போய் உட்கார்ந்துவிட்டான். தான் கேட்ட பாட்டில் ஒருவன் பாதியில் உட்காருவதை அந்தக் கடையில் யாரும் பார்த்ததில்லை. ஒரு கரண்டிச் சத்தம்கூட எழவில்லை. கலியோப்பியம்மா ஸ்டமாத்திஸைப் பார்க்காமல் மூலை மேசையைப் பார்த்தாள். ஃபோதிஸ் விரல்களைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான்.

"இதை நீ எனக்குச் சொல்லலையே" என்றான் ஸ்டமாத்திஸ், பல்லைக் கடித்தபடி.

"எதை?"

"கேட்ட பாட்டுக்கு நகாசு கூடாதுன்னு."

ஃபோதிஸ் குனிந்து அவன் காதோரம் பேசினான். "உங்கண்ணன் என்னைவிட ரெண்டு மடங்கு நகாசு போடுவாரு. ஒருத்தன் ஆட எழுந்து நின்னான்னா கை தானா அடங்கிரும். இத்தனை வருஷம் பக்கத்துல உட்கார்ந்திருந்திருக்க. அதை நான் வந்து உனக்குச் சொல்லணுமா?"

எவ்வளவோ யோசித்தும் அண்ணனின் வலதுகை ஸ்டமாத்திஸின் நினைவுக்கு வரவில்லை. வந்ததெல்லாம் தன்னுடைய பாக்லமாஸும் தன்னுடைய தாளமும்தான்.

புசூக்கியை ஃபோதிஸிடம் கொடுத்துவிட்டு, எழுந்து பக்கத்து நாற்காலிக்கு மாறினான். ஃபோதிஸ் நடுவில் உட்கார்ந்தான். எண்ணெய் வழிகிற தலை, வயிறுவரை பொத்தான் திறந்த சட்டை; இவனையா மதிப்பது என்று அப்போதும் அருவருப்பாகத்தான் இருந்தது. ஃபோதிஸ் லாம்ப்ரோஸைப் பார்த்து ஒரு சுரம் மட்டும் மீட்டி, அது தானாக அடங்கும்வரை விட்டான். பிறகு இன்னொன்று. லாம்ப்ரோஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். இரண்டு சுரங்களுக்கு நடுவே அவன் செருப்பு தரையை உரசுகிற சத்தம் துல்லியமாகக் கேட்டது.

ஸ்டமாத்திஸ் பாக்லமாஸை எடுத்துத் தாளம் கொடுத்தான். அண்ணன் உயிரோடிருந்தபோது ஒருநாள்கூட அவன் இப்படிக் காதுகொடுத்து வாசித்ததில்லை.