சுவரைத் தாண்டி வந்த வயர்

வைத்திலிங்கம் சாருக்கு வாய் நீளம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். வார நாளில் பள்ளிக்கூடத்து இயற்பியல் வாத்தியார், சனி ஞாயிறு வந்தால் பட்டிமன்றப் பேச்சாளர். எதிரணிக்காரரை மேடையிலேயே தோலுரித்துத் தொங்கவிடுவதில் ஜில்லாவில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்ட வாயில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் மாதக்கணக்கில் வெளியே வராமல் சிக்கிக்கொண்டு கிடந்தது. நன்றி என்கிற வார்த்தை. சொல்லவேண்டியது பக்கத்து வீட்டு சார்லசுக்கு.

சார்லஸ் இன்வர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருப்பவர். மொட்டை மாடியில் இரண்டு சோலார் பலகை மாட்டியிருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் வைத்திலிங்கம், "என்னப்பா, அப்பளம் காஞ்சிடுச்சா?" என்பார். சார்லசும் சிரித்துவிட்டுப் போவார். போன மார்கழியில் 'தானே' புயல் வருகிறது என்றார்கள். முதல் நாள் சாயங்காலமே சார்லஸ் பலகைகளைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். விடிந்தால் ஊரே தலைகீழ். நின்ற கம்பம் ஒன்றில்லை, ரோடெல்லாம் மரம். வைத்திலிங்கத்தின் மனைவி புஷ்பவள்ளிக்கு ஆஸ்துமா, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. மருந்தைப் புகையாக்கித் தரும் மெஷின் அலமாரியிலேயே இருக்கிறது, கரண்டுதான் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வழியும் இல்லை. அந்த மனுஷன் கூடத்துக்கும் வாசலுக்குமாக அல்லாடிக்கொண்டிருந்தபோது, சார்லஸ் வீட்டு இன்வர்ட்டரிலிருந்து காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி ஒரு வயர் வந்து விழுந்தது. நடுவில் மஞ்சள் டேப் சுற்றி ஒட்டுப்போட்ட வயர். "சொருவுங்க சார்" என்றார் சார்லஸ். வேறு பேச்சில்லை.

ஊருக்குக் கரண்டு திரும்பும்வரை அந்த வயர் அங்கேயே கிடந்தது. வெயில் தலைகாட்டியதும் பலகைகள் மாடியேறின. சார்லசின் மனைவி பிரிசில்லா தன் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு இந்த வீட்டு மெஷினை ஓடவிட்டாள். புஷ்பவள்ளி பிழைத்தாள். கரண்டு வந்த அன்று சார்லஸ் வயரைச் சுருட்டியபோது வைத்திலிங்கம் வாயைத் திறந்தார். "காப்பி சாப்புட்றியாப்பா?" என்றுதான் வந்தது. என்ன செய்வது, நம்மூர் வழக்கம் அப்படி. நன்றி என்பது மேடையில் சொல்கிற சமாசாரம். வீட்டு வாசலில் நின்று சொன்னால் அந்நியமாகிவிடும்.

அடுத்த புரட்டாசியில் சிதம்பரத்தில் ஒரு பட்டிமன்றம் வந்தது. உலகம் சூடாவதைத் தடுக்கக் கைகொடுப்பது அணுவா, சூரியனும் காற்றுமா என்பது தலைப்பு. கூடங்குளம் பேச்சு டீக்கடைக்கு டீக்கடை கொதித்துக்கொண்டிருந்த நேரம். வைத்திலிங்கம் அணுவின் பக்கம். மேடைக்காக மட்டுமல்ல, அவர் மனசார நம்பியதும் அதைத்தான். எதிரணியில் ஓர் ஆள் குறைய, சார்லசின் பெயரைக் கொடுத்தவரும் அவரே. மேடையேற்றிச் சால்வை போர்த்திவிட்டால் அதுவே நன்றியாகிவிடும் என்று நினைத்தார். வாய் திறந்து பேசிப் பழகாத ஆளைத் தன் வாய்க்கு எதிரிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. புஷ்பவள்ளிக்கு உறைத்தது.

"அந்தத் தம்பிய அப்பளம் கிப்பளம்னு மேடையில கேவலப்படுத்துனீங்க, அப்பறம் நான் உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றாள்.

நால்வரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். சபைக்குக் காட்ட சார்லஸ் ஒரு பேட்டரியையும் சின்ன இன்வர்ட்டரையும் கோணிப்பையில் கட்டிக் காலடியில் வைத்திருந்தார். புதுச்சத்திரம் தாண்டியும் புயலில் சாய்ந்த மரங்கள் வெட்டாமல் கிடந்தன. இப்போது சொல்லிவிடலாம் என்று வைத்திலிங்கம் திரும்பினார். குமராட்சிப் பக்கம் நடவு ஆகிவிட்டதா என்று கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

நடுவர் ரத்தினம்மாள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. சார்லசின் முறை வந்தபோது காகிதத்தைப் பார்த்துப் படித்தும் முதல் வரியிலேயே தடுமாறினார். பின்வரிசைக் கல்லூரிப் பிள்ளைகள் கெக்கலித்தார்கள். ஐயோ, இவனை இழுத்துவந்து இப்படி நிற்கவைத்துவிட்டோமே என்று வைத்திலிங்கம் நொந்துபோனார். சார்லஸ் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"எனக்குப் பேச வராதுங்க. புயல் வருதுன்னாங்க, பலகைய எறக்கி கட்டிலுக்கு அடியில வெச்சேன். அணு உலைய எந்தக் கட்டிலுக்கு அடியிலங்க வெக்கிறது?"

கூடம் அதிர்ந்தது. எதிரணியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதையும் மறந்து வைத்திலிங்கமும் கை தட்டினார்.

அவர் எழுந்தபோது அப்பள வசனம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. முன்வரிசையில் புஷ்பவள்ளி இருந்தாள். வசனத்தை விழுங்கிவிட்டு, "நடுவர் அவர்களே" என்று ஆரம்பித்தார். பட்டென்று கரண்டு போய்விட்டது. மைக் செத்தது, ஃபேன் நின்றது, ஆளாளுக்கு எழுந்தார்கள். யாரும் கேட்காமலே சார்லஸ் கோணிப்பையைப் பிரித்தார், வயரை ஓட்டினார், ஆம்ப்ளிஃபயரில் சொருகினார். மைக் உயிர் பெற்றது.

"பேசுங்க சார்" என்றார்.

வைத்திலிங்கம் பேசினார், தன் கட்சியை விட்டுக்கொடுக்காமலே பேசினார். ஒரு வீட்டுக்குப் பலகை போதும், ஊருக்கெல்லாம் ஆஸ்பத்திரியும் ரயிலும் ராத்திரியிலும் ஓட வேண்டாமா என்றார். அதற்காகக் கரியை எரித்துக்கொண்டே இருந்தால் கடல் ஏறிவரும், அப்போது கட்டிலே மிஞ்சாது என்றார். கேலி ஒன்றுகூட இல்லை. அணு உலை பற்றிய பயமும் நியாயம்தான் என்று சொல்லிவிட்டு, மயிரிழையில் அணு அணிக்கே தீர்ப்புக் கொடுத்தார் ரத்தினம்மாள்.

நன்றியுரை சொல்லவேண்டியவர் கிளம்பிப் போயிருந்தார். அமைப்பாளர் வைத்திலிங்கத்தையே மைக் முன்னால் தள்ளினார். ஆயிரம் மேடையில் சொன்ன பாட்டுத்தானே, வாய் தானாக ஓடியது. நடுவருக்கு நன்றி, பந்தல் போட்டவர்களுக்கு நன்றி, தடையில்லா மின்சாரம் தந்த மின்துறை நண்பர்களுக்கு நன்றி. கரண்டு இன்னும் வராத அரையிருட்டில் கூடமே குலுங்கிச் சிரித்தது. வைத்திலிங்கம் விழித்தார். மேடையில் ஓடிய வயர் அப்போதுதான் கண்ணில் பட்டது. நடுவில் மஞ்சள் டேப்.

"தப்பா சொல்லிட்டேன்" என்றார். "மின்சாரம் குடுத்தது சார்லஸ். இங்க மட்டும் இல்ல. புயல்ல என் பொண்டாட்டி மூச்சுக்குத் தவிச்சப்ப, இதே வயர்தான் செவுரு தாண்டி வந்துது. நான் அப்ப காப்பி சாப்புட்றியான்னு கேட்டேன்."

சிரிப்பு அடங்கியது. பிரிசில்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு புஷ்பவள்ளி அழுதாள்.

சார்லஸ் கூச்சத்தில் நெளிந்தார். "சார், பேட்டரி எறங்குது, சீக்கிரம் முடிங்க" என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் மைக் நின்றுவிட்டது. வைத்திலிங்கம் மைக்கைத் தள்ளிவிட்டுச் சார்லசின் பக்கம் திரும்பி, அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார். பின்வரிசைக்கு அது கேட்கவில்லை.