வேப்பிலை கட்டிய வாசல்

எங்கள் தெருவில் கொரோனாவைப் பற்றித் தெரியாதவர் ஒருவரும் இல்லை. நகராட்சி ஆட்டோ காலையும் மாலையும் மைக்கில் கத்திக்கொண்டே போகும். காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், வாசனை தெரியாமல் போவது. கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. மலைக்கோயில் மூடிக் கிடந்தபோது, பூக்கட்டிப் பிழைக்கிற எனக்கு வேறு என்ன வேலை?

தெரிந்து என்ன கிழித்தோம்? முதல் அலையில் பின்தெரு இளங்கோவனுக்கு வந்தபோது, வீட்டு வாசலை அடைத்துத் தகரம் அடித்தார்கள். பால்காரர் அந்தப் பக்கமே போகவில்லை. குணமாகி வந்த பிறகும் கடையில் அவரை எட்டி நிற்கச் சொன்னார்கள். இதையெல்லாம் எதிர்வீட்டு எல்லம்மாள் அக்கா என் பக்கத்தில் நின்றுதான் பார்த்தாள்.

இரண்டாவது அலையில் அவள் வீட்டுக்காரர் வேணு அண்ணன் படுத்துவிட்டார். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், லேசில் படுக்கிற ஆள் இல்லை. அன்று காலை அவர்கள் வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது.

"அம்மை போட்டுகிது பிரேமா. யாரும் உள்ள வராதீங்க," என்றாள்.

அம்மை வீட்டுக்குள் யார் போவார்கள்? மாத்திரை கூடாது, ஊசி கூடாது. ஆனால் தெரு அவர்களைக் கைவிடவில்லை. வாசற்படியில் இளநீர் வைத்தார்கள், மோர் வைத்தார்கள். நானும் நுங்கு வாங்கி வைத்தேன்.

பிறகு ஒரு மதியம், கஞ்சி தீய்ந்த நாற்றம் தெருவையே தூக்கியது. எல்லம்மாள் அக்கா வாசலில்தான் நின்றிருந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இன்னாக்கா, கஞ்சி தீஞ்சிகினு கீது, நீ பாட்டுக்கு நின்னுகினு கீற?"

"தீயுதா?" என்றாள்.

ஆட்டோ மைக்கில் கேட்டது சட்டென்று நினைவுக்கு வந்தது. மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தேன். அண்ணன் உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி, இது இன்னான்னு உனுக்குத் தெரியாதா?"

"தெரியும்டி. தகரம் அடிச்சிடுவாங்க, ஒரு வாய் தண்ணி எவனும் தரமாட்டான்னுதான்..." அழுதுவிட்டாள்.

திட்டுவதற்கு நேரமில்லை. 108-ஐக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் வந்ததும் தெருவில் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. ஸ்ட்ரெச்சர் இடித்து வேப்பிலை அறுந்து விழுந்தது, அதை யாரும் எடுக்கவில்லை.

மறுநாளே வேணு அண்ணன் போய்விட்டார். கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால், என்று டாக்டர் இழுத்தாராம். மூட்டை தூக்கின மனுஷனை மூட்டையாகக் கட்டி அங்கிருந்தே எரிக்க எடுத்துப்போனார்கள். எல்லம்மாள் அக்காவுக்கும் பாசிட்டிவ். வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள்.

சாவு வீடு. துக்கம் கேட்க ஒரு ஜீவன் வரவில்லை. நான் வைத்த சோற்றைத் தவிர அந்த வாசற்படியில் ஒன்றும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மோரும் இளநீரும் வைத்த கைகளெல்லாம் எங்கே போயின? ஒவ்வொரு கதவாகத் தட்டி நறுக்கென்று நாலு கேள்வி கேட்கலாம் என்று கிளம்பினேன். பாதி வழியில் தெருமுனை வேப்பமரம் கண்ணில் பட்டது. ஒரு கொத்து ஒடித்துவந்து அவள் வாசல் நிலையில் கட்டினேன். எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

விடிந்ததும் வாசற்படியில் இளநீர் இருந்தது. பக்கத்தில் ஒரு தூக்கு மோர்.

எல்லம்மாள் அக்கா கதவைத் திறந்து அதைப் பார்த்தாள். பிறகு எதிர்வாசலில் நின்ற என்னைக் கேட்டாள்.

"இன்னா நோவுன்னு தெரிஞ்சேதான வச்சிகிறாங்க?"

"ஆங்."

"அப்போ அவுரு இருக்கசொல்ல நான் உண்மைய சொல்லியிருந்தாலும் வச்சிருப்பாங்களாடி?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தெரிலக்கா," என்றேன்.

அவள் இளநீரை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.