யாருடைய வலது

கீழ் இடது பல் ஒன்று பத்து நாளாக என்னைப் படுத்தி எடுத்தது. ஒரு பருக்கை பட்டாலும் உயிர் போனது. வலப்பக்கம்தான் மென்று தின்றுகொண்டிருந்தேன். அந்தப் பக்கத்துக்கும் ஏதாவது ஆனால் கஞ்சிதான் கதி என்று என் வீட்டுக்காரர் இக்னேஷியஸிடம் புலம்பி, அவரையும் தண்டையார்பேட்டையில் ஒரு பல் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

பெரிய டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, ரூட் கேனாலுக்கு வழியில்லை, எக்ஸ்ட்ராக்‌ஷன்தான் என்றார். நான் விடுவேனா, அர்த்தம் கேட்டேன். ரூட் கேனால் என்றால் பல்லை விட்டுவைத்து உள்ளே நரம்பை மட்டும் எடுத்து அடைப்பதாம். எக்ஸ்ட்ராக்‌ஷன் என்றால் ஒரேயடியாகப் பிடுங்குவது. சரி, பிடுங்குங்கள் என்றேன். அவர் சீட்டில் எழுதி, மோகனப்ரியா என்ற சின்ன டாக்டரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

மோகனப்ரியா சீட்டைப் பார்த்து ஊசி போட்டாள். வலப்பக்கம் போட்டாள். எனக்குத் தெரிந்தது. ஆனாலும் சும்மா கிடந்தேன். இந்தப் பக்கம் போட்டால்தான் அந்தப் பக்கம் மரத்துப்போகும் போல, படித்தவளுக்குத் தெரியாதா என்று நினைத்துவிட்டேன். எர்ணாவூர் கண்டெய்னர் யார்டில் பதினான்கு வருஷமாக எந்தப் பெட்டியில் எங்கே ஒடுக்கு, எங்கே ஓட்டை என்று எழுதுகிறவள் நான். கேள்வி கேட்காமல் ஒரு பெட்டியை வெளியே விட்டதில்லை. என் வாய்க்கு மட்டும் அந்தப் புத்தி வரவில்லை பாருங்கள்.

பத்து நிமிஷம் பொறுங்கள் என்று சொல்லி அவள் கருவிகளை எடுத்து வைத்தாள். வலது உதடு தடித்துத் தொங்கியது. இடது பல் முன்னைப்போலவே குத்திக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குச் சுரீரென்று உறைத்தது. தட்டோரம் கிடந்த சீட்டை இழுத்துப் பார்த்தேன். எக்ஸ்ட்ராக்‌ஷன், பக்கத்தில் 46.

"இன்னாம்மா இது நாப்பத்தாறு? என் வாயில மொத்தமே முப்பத்திரண்டுதானே கீது," என்று கேட்டேன். பாதி வார்த்தை எச்சிலோடு வந்தது.

அவள் சிரித்துக்கொண்டே சொல்லித்தந்தாள். வாயை நாலு பாகமாகப் பிரிப்பார்களாம். மேல் வலது ஒன்று, மேல் இடது இரண்டு, கீழ் இடது மூன்று, கீழ் வலது நான்கு. முதல் எண் பாகம். அடுத்தது, நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. நாற்பத்தாறு என்றால் கீழ் வலதில் ஆறாவது.

"யாரோட வலது?" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. யார்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பண்ணும் தப்பைச் சொன்னேன். பெட்டியின் இடது வலதைக் கதவைப் பார்த்து நின்றுதான் எழுத வேண்டும். மறுமுனையில் நின்று எழுதினால், ரிப்பேர்காரர்கள் நன்றாக இருக்கும் பக்கத்தைப் போய் வெட்டிவைப்பார்கள்.

"பேஷண்டோட வலதுதான் அக்கா," என்றாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"எனக்கு வலிக்கிறது எடதும்மா. உங்க பெரியவரு எதிர்ல நின்னுகினு அவரு வலதை எழுதிகீறாரு."

எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தவளின் முகம் வெளுத்துவிட்டது. மன்னிச்சிடுங்கக்கா என்று மூன்று தடவை சொன்னாள். இன்று இரண்டு பக்கமும் மரக்கவைக்க வேண்டாம், நாளைக்கு வாருங்கள், வேறு டாக்டரை வரச் சொல்கிறேன் என்றாள். சத்தம் கேட்டு உள்ளே வந்த இக்னேஷியஸ், இந்தப் பேஜாரே வேண்டாம், வேறு இடம் பார்க்கலாம் என்று குதித்தார்.

இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால், நான் சோறு தின்கிற பல் அந்தத் தட்டில் கிடந்திருக்கும். கோபம் பாதி, சீட்டை மட்டும் நம்பி என்னை ஒரு வார்த்தை கேட்காத அவள்மேல், பாதி என்மேல். தெரிந்தே வாயைப் பொத்திக்கொண்டிருந்தது நான்தானே.

"நீ கம்முனு இருய்யா," என்று அவரிடம் சொன்னேன். "இந்தக் கிளினிக்குல இனிமே இந்தத் தப்பைப் பண்ணவே பண்ணாத ஒரே ஆளு இந்தப் பொண்ணுதான். நாளைக்கி இவளே புடுங்கட்டும்."

மறுநாள் அவள் சீட்டைத் தொடவில்லை. என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, எந்தப் பல் என்று என்னையே காட்டச் சொன்னாள். விரல் வைத்துக் காட்டினேன்.

"முப்பத்தாறு. என் எடது," என்றேன்.

"உங்க இடது," என்று அவளும் திருப்பிச் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் ஊசிக்கு வாயைத் திறந்தேன்.