டாக்டர் சொல்லாத வைத்தியம்

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. சொந்த ஊரில் பல் டாக்டரிடம் போவதென்றால் ஒரு மாத ஓய்வூதியத்தை அப்படியே கொடுத்துவிட்டு வரவேண்டும். அதனால் மூன்று வருஷமாக இடப்பக்கமாகவே மென்று காலத்தை ஓட்டினார். வீட்டு வாடகையும் ஏறிக்கொண்டே போனது. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவர் மனைவிதான் ஒருநாள், "இங்க பாதி வாயால சாப்பிடறதுக்கு, வாடகையும் வைத்தியமும் மலிவா இருக்கற தேசத்துக்குப் போய் முழு வாயால சாப்பிடலாமே" என்றாள். மகள் அழுதாள், மாப்பிள்ளை அறிவுரை சொன்னார். இருவரும் கேட்டுக்கொண்டே பெட்டி கட்டினார்கள்.

புது ஊரில் மூன்றாவது மாடி வீடு. பால்கனியில் நின்றால் எதிரே, பல்லிலிருந்து பாதம்வரை எல்லாம் பார்க்கும் கிளினிக். வந்த வாரமே பல் சரியாகிவிட்டது. டாக்டரம்மா வாங்கிய கட்டணத்தைப் பார்த்து மனிதர் வாய் பிளந்தார், அதுவும் வலியில்லாமல். அங்கேதான் வினை ஆரம்பித்தது. வைத்தியம் இவ்வளவு மலிவு என்று தெரிந்ததும், இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த நோயெல்லாம் வரிசையில் வந்து நின்றது. காதில் ரீங்காரம், குதிகாலில் குத்தல், கொட்டாவி விட்டால் தாடையில் ஒரு சத்தம். மற்றவர்கள் காலையில் நடைப்பயிற்சி போவதுபோல் அவர் கிளினிக்குக் கிளம்பிவிடுவார்.

அவருக்கு அந்த ஊர் பாஷை தெரியாது. மனைவி காய்கறிக்காரியோடும் வீட்டுக்காரம்மாவோடும் பேசிப் பேசியே கற்றுக்கொண்டுவிட்டாள். ஆகவே டாக்டரம்மாவுக்கும் அவருக்கும் நடுவில் அவள்தான் பாலம்.

ஒருநாள் அவர் வலது கையை நீட்டி, விரலெல்லாம் மரத்துப்போகிறது என்றார். டாக்டரம்மா விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, போனைக் கொஞ்சம் கீழே வைக்கச் சொல்லுங்கள்" என்றார்.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். ஓய்வு பெற்றதிலிருந்து குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத முகம். நாக்கு நுனியில் ஏதோ குறுகுறுத்தது.

"விரலுக்கு வேலை வேணுமாம். ரெண்டு வேளையும் கை வெதுவெதுப்பான தண்ணியில இருக்கணுமாம். நுரை இருந்தா இன்னும் நல்லதாம்."

"நுரைக்கு நான் எங்க போறது?"

"அதையும் கேட்டுட்டேன். பாத்திரம் கழுவினாலே போதுமாம்."

டாக்டர் சொல்லைத் தட்டாத மனுஷன். அன்று சாயங்காலமே சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிமுன் நின்றுவிட்டார். ருசி கண்டவள் சும்மா இருப்பாளா? முதுகு வலி என்றதும், "குனிஞ்சு நிமிரணுமாம், தரையைத் துடைச்சா ரொம்ப விசேஷமாம்" என்றாள். தூக்கம் வரவில்லை என்றபோது, "சாப்பிடும்போது ரயில் கதை பேசக்கூடாதாம், ரத்தம் கொதிக்குமாம்" என்றாள். அந்த இரவு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, டிக்கெட் இல்லாமல் பிடிபட்ட எவனுடைய கதையையும் கேட்காமல் அவள் சாப்பிட்டு முடித்தாள். நடுநடுவே மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் அடுத்த முறை பார்த்தபோது அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. "கைராசிக்கார டாக்டர்" என்று அவர் மகளிடம் போனில் மெச்சிக்கொண்டார். உறுத்தல் போன இடம் தெரியவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் அவளுக்கே வயிற்றில் பிடித்துக்கொண்டது. வலது விலாவுக்குக் கீழே யாரோ திருகுவதுபோல் வலி. வாய் திறந்து பேச முடியவில்லை. அவர் கைத்தாங்கலாகக் கிளினிக்குக் கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்க வைத்தார். பாஷை தெரியாமல் என்ன செய்யப்போகிறாரோ என்று வலிக்கு நடுவிலும் அவளுக்குக் கவலை.

அவர் தொண்டையைச் செருமினார். எப்போது ஆரம்பித்தது, எங்கே குத்துகிறது, நேற்று என்ன சாப்பிட்டாள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று அந்த ஊர் பாஷையில் தங்குதடையில்லாமல் சொல்லி முடித்தார். டாக்டரம்மா தலையாட்டியபடி கேட்டுக்கொண்டார். இவர் இப்படிப் பேசுவது டாக்டரம்மாவுக்குப் புதிதல்ல என்று முகத்திலேயே தெரிந்தது.

பித்தப்பையில் கல். ஊசி போட்டு வலி அடங்கியதும் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"எப்பலேருந்து?"

"என்னது?"

"நடிக்காதீங்க. பாஷை."

"தினம் காத்திருக்கற அறையில ஒரு மணி நேரம் உக்கார்றேனே, சும்மாவா இருப்பேன்? பக்கத்துல இருக்கறவங்க வியாதியெல்லாம் கேட்டுக் கேட்டே வந்துடுச்சு."

"அப்ப பாத்திரம்..."

"அப்ப பாஷை அரைகுறைதான். ஆனா டாக்டரம்மா ரெண்டு வார்த்தை சொன்னா நீ ரெண்டு நிமிஷம் சொன்னியே, அது புரியாதா? பொய் சொன்ன பயணிங்க எத்தனை பேரைப் பாத்திருக்கேன்! எல்லாருக்கும் முகம் வெளுக்கும். உனக்கு மட்டும் அப்படியே பூரிச்சுது. அதைக் கெடுக்க மனசு வரல."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கையை மட்டும் பின்னால் நீட்டினாள், அவர் பிடித்துக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னச் சின்னத் துளைகள்தான், மறுநாளே அனுப்பிவிட்டார்கள். புறப்படும்போது பார்க்க வந்த டாக்டரம்மா, கனம் தூக்காதீர்கள், இருமினாலும் சிரித்தாலும் வயிற்றோடு தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குப் புரிந்தது. இருந்தாலும் அவர் பாலமாக நடுவில் வந்து நின்றார்.

"தினம் உன் தங்கச்சியோட போன்ல மணிக்கணக்கா பேசறியே, அது கூடாதாம். தையல் பிரிஞ்சுடுமாம்."

"அப்படியா சொன்னாங்க?"

"ஆமா. சாப்பிடும்போது வீட்டுக்காரர் ரயில் கதை சொன்னா காயம் சீக்கிரம் ஆறுமாம். இங்க எல்லாருக்கும் அதுதான் வைத்தியமாம்."

டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஏதோ பிடிபட்டதுபோல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் தலையணையை இழுத்து வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். அப்படியும் வலித்தது, அப்படியும் சிரிப்பு நிற்கவில்லை.