ஏழு பதினெட்டுக்கு வந்த செய்தி

தொழிற்சாலையில் ஒன்பதரை மணி ஓய்வுக்கு வந்த அகத்தா லாக்கரைத் திறந்து கைப்பேசியை எடுத்தாள். திரையில் ஒரே ஒரு செய்தி. 'சில்வெஸ்டர் விபத்தில் சிக்கியிருக்கலாம்.' கீழே சிறிய வரைபடம். நேரம், காலை 7:18.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே கால் மணி நேரம் ஆகியிருந்தது.

சில்வெஸ்டர் அவள் கணவன். மலேசியாவின் கூலிம் ஊரில் வேறொரு தொழிற்சாலையில் இரவு வேலை. காலை ஏழுக்கு முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் லூனாஸில் இருக்கும் வீட்டுக்குத் திரும்புவான். இருபத்தாறு வருடமாக ஓட்டுகிறான், ஒருமுறைகூட விழுந்ததில்லை. யாரும் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிடுவான். பெரிய சாலையில் சிக்னலுக்கு நிற்கப் பிடிக்காமல் செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் மண்பாதையில்தான் வருவான். அவன் கையில் கட்டியிருந்த கடிகாரம் அகத்தா வாங்கிக் கொடுத்தது. மோட்டார் விழுந்தால் அது அதிரும். முப்பது வினாடிக்குள் அவன் பொத்தானை அமுக்காவிட்டால், அவன் கைப்பேசி வழியாக வேண்டியவர்களுக்குச் செய்தி போகும்.

மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள் அவன் ஒரு குழியில் வேகமாக இறங்கி ஏறினான். கடிகாரம் அதை விபத்து என்று எடுத்துக்கொண்டது. அதிர்ந்ததை அவன் கவனிக்கவில்லை. செய்தி ஐந்து பேருக்குப் போயிற்று. உணவுக்கடை வடிவேலு அடுப்பை அணைத்துவிட்டு ஓடினார். பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா தேவாலயத்துக்கே சொல்லி அனுப்பிவிட்டாள். சில்வெஸ்டர் சந்தையில் நின்று மீனின் செவுளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அதன்பிறகு ஒரு வாரம் ஊரில் பார்த்தவர்களெல்லாம், "என்னா சில்வா, இன்னிக்கு உசுரோட இருக்கியா?" என்றுதான் கேட்டார்கள். அவன் வீட்டுக்கு வந்து நான்கு பேரின் எண்களை நீக்கினான்.

"பொண்டாட்டி ஒருத்திக்கு வந்தா போதும் லா," என்றான்.

அப்போது அகத்தாவுக்கு மதிய வேலை. காலையில் வீட்டில் இருந்தாள். போன மாதம் அவளைக் காலை வேலைக்கு மாற்றினார்கள். இங்கே வேலை இடத்துக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. ஆறு ஐம்பதுக்கே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். இது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். செய்தி அவள் ஒருத்திக்கு மட்டுமே வரும் என்பதையும் இதையும் சேர்த்து யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. லாக்கர் கதவைப் பிடித்தபடி நின்றிருந்த இந்த நிமிடத்தில்தான் அவள் அதை நினைத்தாள்.

அவனை அழைத்தாள். மணி போனது, எடுக்கவில்லை. இந்த நேரம் அவன் தூங்கும் நேரம். தூங்கிக்கொண்டிருந்தாலும் எடுக்க மாட்டான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

வடிவேலுவை அழைத்தாள். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"அண்ணே, இவரு காலைல கடைக்கு வந்தாரா?"

"வரலையே தங்கச்சி. ரொட்டி சானாய் எடுத்து வெச்சிருந்தேன், ஆறிப் போச்சு. ஏன், மறுபடியும் அந்த வாட்ச்சா?" அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைக் கவனித்து நிறுத்திக்கொண்டார்.

"கொஞ்சம் வீட்டப் போய்ப் பாருங்கண்ணே. மோட்டார் இருந்தா எனக்கு போன் அடிங்க."

பதிலுக்குக் காத்திருக்காமல் அவசர எண்ணை அழைத்து வரைபடத்தில் இருந்த இடத்தைச் சொன்னாள். எதிரில் இருந்தவர் அவரை நீங்கள் நேரில் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்க்கவில்லை, ஆனால் விழுந்திருக்கிறார் என்றாள்.

பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளர் மோகனா குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, போன தடவையும் இப்படித்தானே? ஆம்புலன்ஸ் சும்மா வந்துட்டுப் போனா ஏசுவாங்க."

"ஏசட்டும். உன் மோட்டார் சாவி குடு."

மோகனா அவள் முகத்தைப் பார்த்தாள். சாவியோடு தன் ஹெல்மெட்டையும் கொடுத்தாள்.

அகத்தாவுக்கு ஓட்டத் தெரியும். மெதுவாகத்தான் ஓட்டுவாள். அவள் பின்னால் வர நேர்ந்தால் ஆமைகூட ஹார்ன் அடிக்கும் என்பான் சில்வெஸ்டர். தோட்டப் பாதையில் அவள் ஒருநாளும் வந்ததில்லை. விடியற்காலை மழையில் மண் குழைந்து கிடந்தது. வேகமாகப் போக வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. போகவில்லை. நானும் விழுந்தால் அவனைத் தேடிவர ஆள் கிடையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சேறு கண்ட இடமெல்லாம் இரண்டு காலையும் ஊன்றித் தள்ளிக்கொண்டு போனாள். அந்தப் பகுதியில் இந்த வாரம் செம்பனைக் குலை வெட்டு இல்லை. ஆள் நடமாட்டமே இல்லை. வடிவேலு அழைத்து, வீட்டில் மோட்டார் இல்லை, தானும் கிளம்பி வருவதாகச் சொன்னார்.

வரைபடம் காட்டிய வளைவில் நிறுத்தினாள். யாரும் தெரியவில்லை. மறுபடியும் அவன் எண்ணை அழைத்தாள். பாதையோரப் புல்லுக்குள் மணி அடித்தது.

டிராக்டர் குழைத்துப்போட்ட சேற்றில் ஒரு நீளமான கோடு, நேராக வாய்க்காலுக்குள் இறங்கியிருந்தது. கீழே மோட்டார். அதன் அடியில் சில்வெஸ்டரின் இடது கால். முகம் வெளுத்திருந்தது. கண் திறந்திருந்தது.

"வந்துட்டியா," என்றான்.

அவள் வாய்க்காலுக்குள் இறங்கி மோட்டாரின் பின்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். வரவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வாய்க்கால் கரையில் முதுகைக் கொடுத்து, இரண்டு காலாலும் உதைத்துத் தள்ளினாள். மூன்றாவது தடவை அது சரிந்து மறுபக்கம் விழுந்தது. அவன் போட்ட அலறல் தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது.

"அமுக்கல அகத்தா," என்றான், மூச்சு வந்ததும். "முப்பது எண்ணிச்சு. கை சும்மாதான் இருந்துச்சு. அமுக்கல. உனக்கு வந்துரும்னு நெனச்சேன். இதோ வந்துருவ, இதோ வந்துருவன்னு..."

"போனு லாக்கர்ல இருந்துச்சு."

பனை மட்டைகளில் இருந்து தண்ணீர் சொட்டியது.

"நெனக்கவே இல்லயே," என்றான்.

"நானுந்தான்."

அவன் தலையை மடியில் வைத்து, முகத்துச் சேற்றைத் தன் சீருடைக் கையால் துடைத்தாள். ஒருமுறை அவன் கண் மூடப்போனபோது கன்னத்தில் தட்டினாள். "தூங்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. கட்டுப்போட்டுத் தூக்கும்போது, இளைஞனான உதவியாளர் படிவத்தை எடுத்துக்கொண்டு மலாய் மொழியில் கேட்டார். லாரி ஓரத்துக்குத் தள்ளிவிட்டதா? நாய் குறுக்கே வந்ததா?

சில்வெஸ்டர் அகத்தாவைப் பார்த்தான். அவள் எதுவும் சொல்லித் தரவில்லை.

லாரி இல்லை, நாயும் இல்லை என்றான் அவன். வளைவில் வேகமாக வந்தேன், என்னால் பிடிக்க முடியவில்லை.

உதவியாளர் எழுதிக்கொண்டார். அகத்தா சேற்றுக்காலோடு ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.