ஏழாம் பத்தி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினியில் நான்கு என்று அழுத்த வேண்டிய இடத்தில் ஏழு என்று அழுத்தினேன். அங்கிருந்துதான் வந்தது.

நான் உயர் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். நீதிபதி சொல்லச் சொல்ல எடுத்துக்கொண்டு, அறைக்குப் போய் உத்தரவாக அடிக்கிறவன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறவன். முதல் வேலையில் பொய் சொல்லக் கூடாது, இரண்டாவதில் சொல்லலாம். எனக்கு இடம் மாறிப்போய்விட்டது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘மழை பெய்த ஒரு திங்கட்கிழமை, நீதிமன்ற வாசலில் ஒரு பெண்...’

(அன்று மழையே இல்லை. அழுகை வருகிற இடத்தில் மழையைக் கூப்பிடும் பழக்கம் எனக்கு. நீக்கிவிட்டேன்.)

‘எல்லா மொழியும் எல்லா மதமும் சட்டத்தின் முன் சமம் என்று எழுதிய பலகையின் கீழே...’

(பலகை இருப்பது உண்மைதான். அதன் ஆணியில் நாங்கள் குடை மாட்டுகிறோம். இதையும் விட்டுவிட்டேன்.)

நேராகவே சொல்கிறேன். பள்ளிச் சீருடை தைக்கிற ஓர் அக்கா. அவருக்கு ஒரே தம்பி, லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எண்ணிக்கை குறைந்த மதத்துக்காரர்கள். அவர்கள் தெருவிலிருந்த தொழுமிடத்தை இடிக்க வண்டி வந்தபோது, நோட்டீஸ் எங்கே என்று தம்பி கேட்டான். வேறொன்றும் செய்யவில்லை. மறுநாள் அவன் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்துக்கு வந்த நான்கு பேர் அவனை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்தக் காவல் நிலையத்தில் கேட்டாலும் எங்களிடம் இல்லை என்றார்கள். அக்கா வக்கீல் வைக்காமல் தானே ஆட்கொணர்வு மனு போட்டார். ஆளைக் கொண்டுவந்து கோர்ட்டில் நிறுத்துங்கள் என்று கேட்கிற மனு அது.

3

ஒரு நாளைக்கு அறுபது வழக்கு. ஒவ்வொன்றுக்கும் புதிதாக அடித்துக்கொண்டிருந்தால் விரல் தேய்ந்துவிடும். அதனால் அடிக்கடி வருகிற உத்தரவுகளை எண் போட்டு ரெடிமேடாக வைத்திருக்கிறேன். நான்காம் பத்தி: அரசுத் தரப்பு அவகாசம் கேட்டது, வழக்கு இரண்டு வாரம் தள்ளிவைக்கப்படுகிறது. ஏழாம் பத்தி: தேடப்பட்டவர் நேரில் நிறுத்தப்பட்டார், தன் விருப்பப்படி மனுதாரருடன் சென்றார், மனு முடித்துவைக்கப்படுகிறது.

அக்காவின் மனு வந்த அன்று, வேறொரு வழக்கில் நீதிபதி தனிமனித சுதந்திரம் பற்றித் தொண்ணூறு பக்கத் தீர்ப்புச் சொன்னார். அருமையான தீர்ப்பு. கிண்டல் இல்லை, அடிக்கும்போது எனக்கே கண் கலங்கியது. அந்தக் கலக்கத்தோடுதான் அக்காவின் உத்தரவுக்கு ஏழு அழுத்தியிருக்கிறேன். நீதிபதி தொண்ணூறு பக்கத்தையும் வரி வரியாகத் திருத்தினார். அரைப் பக்க உத்தரவுகளில் வழக்கம்போல் கட்டாகக் கையெழுத்துப் போட்டார்.*

* நீதிபதியை வில்லனாக்கலாமா என்று பார்த்தேன். முடியவில்லை, நல்ல மனிதர். அதுதான் வயிற்றெரிச்சல்.

4

அடுத்த வாரம், கையில் உத்தரவு நகலோடு அக்கா என் மேசைக்கு வந்தார். நகலைக் காவல் நிலையத்தில் காட்டினாராம். கோர்ட்டே உன்னோடு அனுப்பிவிட்டதாக எழுதியிருக்கிறது, இனி எங்களிடம் வராதே என்று சொல்லிவிட்டார்களாம். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்க வாய்க்குள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

“என்கூட அனுப்பினதா எழுதியிருக்கு சார். நான் கேட்ல பாஸ் வாங்க நின்னுட்டிருந்தேன், உள்ள வர்றதுக்குள்ள கேஸ் முடிஞ்சிருச்சு. வேற யார்கூடவோ அனுப்பிட்டீங்க போல. அது போகட்டும். தம்பி வந்தான்ல? நீங்க பாத்தீங்கல்ல?”

தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“பாத்தேம்மா. நல்லாத்தான் இருந்தார்.”

(இந்த இடத்தில், இரக்கத்தால் சொன்னேன் என்று ஒரு வாக்கியம் இருந்தது. எடுத்துவிட்டேன். பயம். ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கிறது, விசாரணை வைத்தால் நான் காலி.)

“என்ன சட்டை போட்டிருந்தான்?”

“நீலம்.”

அவர் முகம் சுருங்கியது. “நீலமா? அவன் சட்டையெல்லாம் நான்தான் சார் தைக்கிறேன். நீலமே கிடையாதே.” மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். நகலை மடித்துக்கொண்டே மெல்லச் சிரித்தார். “அப்ப அங்கயே மாத்துத்துணி குடுத்திருக்காங்க. நல்லபடியாத்தான் வச்சிருக்காங்க.”

முப்பது வருடமாக எழுதுகிறேன். என் கதையில் ஓட்டை விழுந்தபோது தானே முன்வந்து அடைத்துக்கொடுத்த வாசகர் அவர் ஒருவர்தான். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசை. நன்றாகச் சாப்பிட்டேன்.

5

அக்கா இந்த முறை ஒரு வக்கீல் வைத்துப் புது மனு போட்டார். தம்பி கோர்ட்டில் உயிரோடு நிறுத்தப்பட்டான், அதன் பிறகுதான் காணவில்லை என்று சத்தியம் செய்து கையெழுத்திட்டிருந்தார். இன்று காலை விசாரணைக்கு வந்தது. முன்பு வராத வேறோர் அரசு வக்கீல் எழுந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: ஆளை நிறுத்தினோம் என்று மனுதாரரே ஒப்புக்கொள்கிறார், இனி எங்கள் பொறுப்பு ஏதுமில்லை. நீதிபதி பழைய உத்தரவைப் புரட்டிப் பார்த்தார். தன் கையெழுத்து இருந்தது. மனுவைத் தள்ளுபடி செய்வதாகச் சொல்லச் சொல்ல நான் எடுத்துக்கொண்டேன். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

வராந்தாவில் அக்கா என்னை நிறுத்தினார்.

“பெரிய கோர்ட்டுக்குப் போகலாம்னு வக்கீல் சொல்றார். அங்க கூப்பிட்டா நீங்க வந்து சொல்லுவீங்கல்ல சார்? அவனைப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்.”

பார்க்கலாம் என்றேன்.

6

முடிவுகள்:

அ. நான் உண்மையை எழுதிக் கொடுக்கிறேன். உத்தரவு திருத்தப்படுகிறது. தம்பி கிடைக்கிறான். (நம்ப முடியவில்லை. எனக்கே.)

ஆ. எழுதிக் கொடுக்கிறேன், திருத்தப்படுகிறது. அதற்குள் தம்பியை...

இ. (வேண்டாம்.)

தள்ளுபடி உத்தரவு என் மேசையில் இருக்கிறது. நாளை காலை பத்தரைக்குக் கையெழுத்துக்குப் போகும். அதன் மேல் ஆறு வரிக் குறிப்பு ஒன்று வைத்தால் போதும்: அன்று யாரும் நிறுத்தப்படவில்லை, பிழை என்னுடையது. அந்தக் குறிப்பை எழுதத்தான் மதியம் உட்கார்ந்தேன். எழுதி முடித்தபோது இந்தக் கதை இருந்தது.

முடிவை என்னிடம் கேட்காதீர்கள். அவன் கோர்ட்டுக்கு வரவேயில்லை என்பது இதுவரை இந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். இப்போது உங்களுக்கும் தெரியும். நீங்கள் என்ன செய்வீர்கள் என்றும் எனக்குத் தெரியும். கதை நன்றாக வந்திருக்கிறது என்பீர்கள்.