கால் மணிக்கொரு முறை கோரின்

அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் ஒரு கால்நடை மருத்துவமனையில், சர்வர் கணினி முன்னால் மூன்றாவது வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான் கோர்டி. சிறிய அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவன் பிழைப்பு. அதன் பதிவேட்டைத் திறந்தாலே அதே சனியன்: உள்நுழைவு தோல்வி, பயனர் கோரின். 9:00, 9:15, 9:30.

வரவேற்பு மேசையில் ஆறு வருடம் இருந்தவள் கோரின். டாக்டர் மார்லிஸோடு விடுமுறைக்காக முட்டிக்கொண்டு வேலையை விட்டாள். அன்றைக்கே அவள் கடவுச்சொல்லை மாற்றியவன் கோர்டி. அந்த நிமிடத்திலிருந்துதான் இந்தத் தொல்லை. அவள்தான் வெளியிலிருந்து நுழையப் பார்க்கிறாள் என்று வாய்க்கு வந்ததை டாக்டரிடம் சொல்லிவைத்தான். இன்று நண்பகலில், அவள் வேலை கேட்டிருக்கும் வேறொரு மருத்துவமனையிலிருந்து கோரினைப் பற்றி விசாரிக்கக் கூப்பிடுவார்கள். உள்ளதைச் சொல்லிவிடப் போவதாக டாக்டர் காலையிலேயே அறிவித்துவிட்டார்.

எரிச்சல் தாங்காமல் இணையக் கம்பியையே பிடுங்கினான். வரவேற்பு மேசையில் முணுமுணுத்தார்கள். 11:30க்குப் பதிவேட்டில் கோரின் மறுபடி வந்தாள்.

கம்பியே இல்லாமல் எப்படி வருவாள்? எந்த மனுஷி ஞாயிற்றுக்கிழமைகூட நிமிடம் பிசகாமல் கதவைத் தட்டுவாள்?

சர்வரில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலைத் திறந்தான். நாலு வருடம் முன்பு அவனே எழுதியது: கால் மணிக்கொரு முறை சிகிச்சைக் குறிப்புகளை இரண்டாவது டிஸ்க்கில் நகலெடு. அதற்கென்று தனிக் கணக்கு தொடங்கச் சோம்பல்பட்டு, பக்கத்திலிருந்த கோரினின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கியிருந்தான். அவள் லெமன் பார் என்ற எலுமிச்சை இனிப்பு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தாள். பழைய கடவுச்சொல்லோடு அந்த வேலை இன்னும் முட்டிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக ஒரு நகலும் விழவில்லை.

அந்த வேலையில் பெயரை மாற்றினால் போதும், யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்ததற்கே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டரின் அறைக்கு ஓடினான். தொலைபேசி ஏற்கனவே அவர் காதில் இருந்தது.

"டாக்டர், அது கோரின் இல்ல. நான் கம்ப்யூட்டர்ல வச்ச வேலை. தப்பு என்னோடது."

டாக்டர் வாய்ப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டார். "நீ அன்னிக்கு சொன்னதத்தான் இப்ப ஒண்ணு விடாம இவங்ககிட்ட சொல்லி முடிச்சேன்."

பிறகு தொலைபேசியை அவன் பக்கம் நீட்டினார்.

"இந்தா. நீயே சொல்லு."